எட்டாயிரம் வெள்ளரி நாற்றும் ஒரு செத்த நாக்கும்

அந்த நாற்றுப் பண்ணையில் அவளை நாக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் தனியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அவள் நாக்கைப் பற்றிச் சொல்லாத கதை இல்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, போட்டவர் காலையில் பெண்டாட்டியோடு சண்டை பிடித்தாரா இல்லையா என்று சொல்லிவிடுவாளாம். குழாய்த் தண்ணீரை நாக்கில் வைத்ததும், மூன்று தெரு தள்ளி இருக்கும் மேல்தொட்டியில் பல்லி விழுந்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குச் சொல்வாளாம். ஒருமுறை மழையில் நின்று வாயைத் திறந்து பார்த்து, "இது கிழக்கே இருந்து வந்த மேகம்" என்றாளாம். இதில் முக்கால்வாசியைத் தள்ளிவிடலாம். மீதி கால்வாசி சத்தியம். அந்தக் கால்வாசியை வைத்துத்தான் அவள் இருபத்துமூன்று வருஷம் அங்கே தலை நிமிர்ந்து நடந்தாள்.

அவள் வேலை கலவை அறையில். வரிசை வரிசையாக நான்கு கண்ணாடிக் கூடங்கள். உள்ளே இடுப்பளவு உயர மேசைகள். மேசை மேல் குழித்தட்டுகள். குழிக்கு ஒரு நாற்று. குழியில் இருப்பது மண் அல்ல, வெறும் தேங்காய் நார்த்தூள். அதில் சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நாற்றுக்கு வேண்டிய சோறெல்லாம் வெள்ளைப் பொடியாக மூட்டையில் வரும். அதைத் தொட்டித் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்ப வேண்டும். கொஞ்சம் குறைந்தால் இலை வெளுக்கும். கொஞ்சம் கூடினால் வேர் கருகும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது உலகத்தில் ஒரே ஒரு நாக்குக்குத்தான் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த நாக்கின் சொந்தக்காரியும் நம்பினாள்.

பொடியை அள்ளிப் போடுவாள், துடுப்பால் கலக்குவாள், சுண்டுவிரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பாள், துப்புவாள். "இன்னும் ரெண்டு வாய் கேக்குது" என்பாள். மறுபடி போடுவாள், மறுபடி வைப்பாள். ஒரு கட்டத்தில் கண்ணை மூடி, "போதும்டா ராசா" என்று தொட்டியைத் தட்டிக்கொடுப்பாள். எத்தனை கரண்டி என்று அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். முதலாளியம்மா ஒருதரம் அளவு பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வந்தபோது, "இதுக்கு எச்சில் ஊறுமாங்கம்மா?" என்று கேட்டுக் கூடமே சிரிக்கும்படி செய்தாள். மீட்டர் வெட்கப்பட்டுப் பீரோவுக்குள் போனது. பதினோரு வருஷமாக அங்கேயே இருந்தது.

இப்படிப்பட்ட நாக்கு ஒரு காய்ச்சலில் செத்துப்போனது.

பத்து நாள் காய்ச்சல். பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து, நாத்தனார் கொடுத்த காப்பியைக் குடித்தபோது வாயில் சூடு தெரிந்தது, ஈரம் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரையைத் தனியாக அள்ளி வாயில் போட்டாள். மணல். உப்பைப் போட்டாள். அதுவும் மணல். மிளகாயைக் கடித்தாள், கண்ணில் நீர் வந்தது, ஆனால் யாரோ அடித்து வந்த நீர் போல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. நாக்கக்காவிடமிருந்து நாக்கை எடுத்துவிட்டால் மிச்சம் யார்? அக்கா. அக்காக்களுக்கு அந்தப் பண்ணையில் தட்டுப்பாடே இல்லை.

வீட்டில்தான் முதலில் குட்டு உடைந்தது. அவள் சமைத்ததை ஒரு வாய் வைத்ததும் நாத்தனார் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணி, கடல் தண்ணியைச் சுண்டக் காய்ச்சி ஊத்திட்டீங்களா?"

"காய்ச்சல்காரி சமைச்சுப் போட்டதே பெருசு. தின்னுட்டுப் போடி."

"எங்கண்ணனைப் பாருங்க. மூணாவது செம்பு தண்ணி. இன்னும் ரெண்டு வாய் தின்னா மிதக்க ஆரம்பிச்சுடுவார்."

பூட்டு ரிப்பேர் செய்யும் கணவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் திறக்கக்கூடாதென்று மூடியதைத் திறக்கிற ஆள் அவர். வீட்டில் மூடியிருப்பதைத் தொடமாட்டார். நான்காவது செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, நிசத்தைச் சொல்லுங்க. வாய்க்கு ஒண்ணும் தெரியலையா?"

"வெளியில மூச்சு விட்டே, உன்னைக் கொன்னு போட்டுடுவேன்."

"நான் விடல. ஆனா வேலைக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

நாக்கக்கா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாளைக்கே சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். திங்களும் செவ்வாயும் மூன்றாம் கூடத்துத் தொட்டியில் காய்ச்சலுக்கு முன் அவள் கலந்தது மிச்சம் இருந்தது. புதன் மத்தியானம் தொட்டி காலி.

புதுத் தண்ணீர் நிரப்பினாள். பொடியை அள்ளிப் போட்டாள். எப்போதும் போடுகிற அளவுக்குக் கை போட்டது என்றே நினைத்தாள். கலக்கினாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பச்சைத் தண்ணீர். நாக்கு செத்தது அவளுக்குத் தெரியாதா, தெரியும். ஆனால் இருபத்துமூன்று வருஷம் நாக்கு சொன்னதைக் கேட்டே பழகிய கை, செத்த நாக்கு சொன்னதையும் கேட்டது. இன்னும் இரண்டு கரண்டி. மறுபடி விரல், மறுபடி பச்சைத் தண்ணீர். குறைந்துபோய் இலை வெளுத்தால் எல்லார் கண்ணிலும் படுமே என்ற பயத்தில் இன்னும் மூன்று. அதற்கு மேல் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் வழக்கம்போலக் கண்ணை மூடி, "போதும்டா ராசா" என்று தொட்டியைத் தட்டினாள். யாரும் பார்க்காதபோதும் அப்படி நடித்ததை நினைத்து அவளுக்கே கூசியது.

மாலையில் ஒரு முறை, விடியற்காலை தானாக ஒரு முறை, கலவை குழாயில் ஓடியது. மூன்றாம் கூடத்துக்கு. நாற்பது மேசை, மேசைக்கு இருநூறு, எட்டாயிரம் வெள்ளரி நாற்று.

வியாழன் காலை ஆறரை மணிக்கு அவள் மூன்றாம் கூடத்தின் கதவைத் திறந்தபோது எட்டாயிரமும் தலை குனிந்து நின்றன. செத்த வீட்டு வாசலில் நிற்கிற கூட்டம் மாதிரி.

வாடிய செடியைக் கண்டால் தண்ணீர் விடு என்று எந்தக் கையும் சொல்லும். அவள் கையும் சொன்னது. வால்வைத் திறந்தாள். அதே தொட்டி, அதே கலவை. ஏழு மணிக்கு இலைகள் தண்டோடு ஒட்டிக்கொண்டன. நார்த்தூளைத் தொட்டுப் பார்த்தாள், சொதசொதவென்று ஈரம். ஈரத்துக்குள் நின்றுகொண்டு தாகத்தில் சாகிறது செடி.

ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. அழுகல் இல்லை, புழு இல்லை. அப்போதுதான் அவளுக்குப் புதன்கிழமைக் கலவை நினைவு வந்தது.

நாற்றுக்கு எலும்பு கிடையாது. அதை நிற்க வைப்பது தண்ணீர்தான். ஒவ்வொரு உயிரணுவும் தண்ணீர் குடித்து, காற்றடைத்த பந்து மாதிரி விறைத்து நின்று பக்கத்து அணுவை முட்டுக்கொடுக்கும். அந்த முட்டில்தான் தண்டு நிமிரும், இலை விரியும். தண்ணீர் எங்கே உப்பு அதிகமோ அந்தப் பக்கம் நகரும் குணம் கொண்டது. தொட்டியில் கரைக்கும் வெள்ளைப் பொடியும் ஒரு வகை உப்புதான். எப்போதும் வேருக்குள் கொஞ்சம் உப்பு அதிகம். அதனால் வெளியே இருக்கும் தண்ணீர் தானாக உள்ளே வரும். வெளியே அதைவிட உப்பாகிவிட்டால், வந்த விருந்தாளி வந்த வழியே திரும்பிப் போவான். வெள்ளரிக்காயை வில்லையாக நறுக்கி உப்பைத் தடவி வைத்தால் அது தன் தண்ணீரிலேயே மிதக்குமே, அதுதான் இங்கே உயிரோடு நடந்துகொண்டிருந்தது. கீழே வேர் தண்ணீரை வெளியே விடுகிறது. மேலே வெயில் ஏற ஏற இலையின் வாய்கள் உள்ளே இருப்பதை ஆவியாக இழுக்கின்றன. இரண்டு பக்கமும் கொள்ளை. நடுவில் நூல் தண்டு.

செய்ய வேண்டியது ஒன்றுதான். நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். ஆனால் குழாயில் வருவதெல்லாம் கலவை. தொட்டியைக் காலி செய்து மறுபடி நிரப்பப் பாதி நாள் போய்விடும். நல்ல தண்ணீர்க் குழாயைத் திருப்புகிற பெரிய வால்வுக்குப் பூட்டு. சாவி முதலாளியம்மா இடுப்பில். சாவி கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

நாக்கக்கா வாளியை எடுத்தாள். முற்றத்துக் கைபம்பிலிருந்து தண்ணீர் அடித்து, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து, வலது மூலை மேசையில் ஊற்றினாள். ஒரு தட்டுக்கு ஒரு வாளி. தட்டின் அடியில் உப்புத் தண்ணீர் ஒழுகியது. மறுபடி ஓடினாள். காய்ச்சல் தின்ற உடம்பு. ஆறாவது வாளியில் கண் இருட்டியது. எட்டரை மணிக்குள் இரண்டு மேசை. மீதி முப்பத்தெட்டு. இப்படியே போனால் மறுநாள் மத்தியானம் தாண்டும். கண்ணாடிக் கூரையில் வெயில் ஏறுவதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"என்னக்கா, கூடத்துக்குக் கும்பாபிஷேகமா பண்றே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் குண்டூசி. விதை ஊன்றுகிறவள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். நாற்றுகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "ஐயோ. என்னக்கா இது?"

நாக்கக்கா காலி வாளியைத் தூக்கினாள். "தெரியலடி" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் பிற்பாடு ரொம்ப நாள் தூங்கவில்லை.

ஒன்பதரைக்கு முதலாளியம்மா வந்தார். நெட்டையான மனுஷி, பார்வை இன்னும் நெட்டை. மேசை மேசையாக நடந்தார். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வாடல் நோய் வந்து, "ரெண்டு நாள் பாப்போம்" என்று காத்திருந்து, நான்கு கூடத்தையும் பறிகொடுத்தவர் அவர். அந்த வருஷம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"ஒரே ராத்திரியில எட்டாயிரமும்" என்றார். வலது மூலையில் நின்றார். அங்கே இரண்டு மேசையில் மட்டும் இலைகள் தண்டிலிருந்து விலகிக் கொஞ்சம் தலை தூக்கியிருந்தன. "இந்த மூலைக்கு நோய் இன்னும் வரல. அப்ப பரவிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

கழுவினால் பிழைக்கும் என்பதற்கு அந்த இரண்டு மேசையும் சாட்சி. அதே சாட்சியைத்தான் முதலாளியம்மா நோய்க்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

"நோய்க்கிருமி சாகறதுக்கு நார்த்தூளை ஆவியில வேக வைச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்கம்மா" என்றாள் குண்டூசி. "எப்பவும் போல ஒரு மணி நேரம் ஆவி காட்டினேன்."

"காட்டியிருந்தா ஏன் நோய் வருது? போன வாரம் பாதி நாள் லீவு கேட்டியே, அன்னிக்குத்தானே?"

"அம்மா, பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல..."

"அவசர அவசரமா இறக்கியிருக்கே. பன்னெண்டு மணிக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிக் குழியில போட்டுக் கொளுத்துங்க. தட்டோட. அடுத்த கூடத்துக்குப் போறதுக்குள்ள. நீ சாயங்காலம் என்னை வந்து பாரு."

சாயங்காலம் வந்து பார் என்றால் அந்தப் பண்ணையில் ஒரே அர்த்தம்தான். குண்டூசி எதுவும் குத்திப் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாக்கக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை.

தள்ளுவண்டி வந்தது. முதல் மேசையின் முதல் தட்டை ஒருவர் தூக்கினார். ஐம்பது நாற்று, வேர் வெள்ளையாக, உயிரோடு, வாய் பேச முடியாமல்.

"அதைக் கீழ வைங்க!" என்றாள் நாக்கக்கா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அம்மா, நோய் இல்லைங்கம்மா. நான்தான். கலவையில பொடி ஜாஸ்தி ஆயிடுச்சு. என் நாக்கு செத்துப்போச்சு."

முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, முகம் இளகிற்று.

"சிநேகிதிக்காகப் பழியை இழுத்துப் போட்டுக்கிறே. உன் நாக்காவது, தப்புறதாவது. தள்ளு."

இப்படி ஒரு சங்கடம் எவளுக்கும் வரக்கூடாது. இருபத்துமூன்று வருஷம் கதை கதையாக வளர்த்த நாக்கு. அதன் புகழே இன்று உண்மைக்குக் குறுக்கே காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"நிசமாங்கம்மா. சத்தியமா எதுவும் தெரியல. காய்ச்சல் வந்ததிலேர்ந்து உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியல."

"அக்கா, விடுக்கா" என்றாள் குண்டூசி. அவளும் நம்பவில்லை.

நாக்கக்கா மடியிலிருந்த காய்ச்சல் மாத்திரைப் பட்டையை எடுத்தாள். வாயில் பட்டாலே ஏழு நாள் கசக்கும் மாத்திரை. அதற்குப் பயந்து பழத்துக்குள் வைத்து விழுங்குவார்கள். மூன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக் கடக் கடக்கென்று மென்றாள். வேர்க்கடலை மெல்வது போல மென்றாள். முதலாளியம்மாவின் கண்ணைப் பார்த்தபடியே மென்றாள். தட்டைத் தூக்கியவர் தன்னை அறியாமல் முகத்தைச் சுளித்தார். குண்டூசி வாயைப் பொத்திக்கொண்டாள். மென்றவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. உதட்டோரம் வெள்ளையாக நுரைத்தது. அதைத் துடைத்தாள்.

"பாத்தீங்களா" என்றாள். அப்போதுதான் அழுதாள். கண்ணீர் உதட்டில் விழுந்தது. அதன் கரிப்பும் தெரியவில்லை.

முதலாளியம்மா விறுவிறுவென்று அலுவலக அறைக்குப் போனார். பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. மீட்டரோடு வந்தார். அதில் பாட்டரி செத்திருந்தது. குண்டூசி நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் பாட்டரியைக் கழற்றிக் கொடுத்தாள். தட்டின் அடியில் ஒழுகிய நீரில் மீட்டரை நனைத்தார்கள். இருக்க வேண்டிய அளவைப் போல நாலு மடங்கு காட்டியது.

முதலாளியம்மா அதைத் துடைத்துவிட்டு மறுபடி நனைத்துப் பார்த்தார். மறுபடியும் நாலு மடங்கு.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஏழு மணிக்கு."

"இப்ப பதினொண்ணு." அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இடுப்பிலிருந்த சாவியை உருவினார். "வால்வைத் திருப்புங்க. தொட்டியை அடியில திறந்து விடுங்க. வெள்ளைத் திரையை இழுத்து மூடுங்க, வெயில் ஒரு பொட்டு விழக்கூடாது. எல்லாரும் வாங்க!"

குழாயில் தங்கியிருந்த கலவை வழியவே அரைமணி ஆனது. பிறகு நல்ல தண்ணீர் வந்தது. எடுத்த எடுப்பில் வேகமாக விட்டால் தாகத்தில் இருக்கும் வேர் திணறும் என்று பூவாளியில் பிடித்து மெதுவாக ஊற்றினார்கள். ஒரு சுற்று, நிறுத்தி, இரண்டாம் சுற்று. ஒழுகும் நீரை மீட்டரில் பார்த்தார்கள்: மூன்று மடங்கு, இரண்டு மடங்கு. கூடத்துக்குள் நனைந்த நார் வாசனையும் பன்னிரண்டு பேரின் மூச்சும். யாரும் நாக்கக்காவோடு பேசவில்லை. குண்டூசி மட்டும் எதிர் மேசையிலிருந்து நிமிராமல், "மாத்திரை மூணு தின்னுருக்கே. போய் வயிறு முட்டத் தண்ணி குடிச்சுத் தொலை" என்றாள். அது மன்னிப்பா வசவா என்று தெரியவில்லை. நாக்கக்கா போய்க் குடித்தாள்.

சாயங்காலம் ஆறு மணி. நான்கு சுற்று முடிந்துவிட்டது. மீட்டர் சரியான அளவைக் காட்டியது. நாற்றுகள் காட்டவில்லை. மூலை மேசைகள் இரண்டைத் தவிர எல்லாம் படுத்தபடியே கிடந்தன. உயிரணு ஓரளவு சுருங்கினால் மறுபடி குடித்து நிமிரும். ஒரு எல்லைக்கு மேல் சுருங்கினால் அதன் உள்தோல் வெளிச்சுவரை விட்டு உரிந்துவிடும், பிறகு கடலையே நல்ல தண்ணீராக்கிக் கொடுத்தாலும் குடிக்காது. எது எல்லைக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று படுத்திருக்கும் செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"நாளைக்கு நீ வரவேண்டாம்" என்றார் முதலாளியம்மா. "தேவைப்பட்டா சொல்லி அனுப்பறேன்."

வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் வழக்கம்போல ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். நாத்தனார் சாதத்தைப் பிசைந்து கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். கணவர் தொண்டையைச் செருமினார். "ஏழு மணிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவார். இந்த வருஷத்துக்கு அதுதான்.

வரவேண்டாம் என்றால் வராமல் இருக்க முடியுமா? விடிவதற்குள் பண்ணை வாசலில் நின்றாள். காவலாளி கதவைத் திறக்கவில்லை. "உத்தரவு இல்லக்கா. என் பிழைப்பு போயிடும்" என்றார். அவள் வற்புறுத்தவில்லை. கம்பி வேலியை ஒட்டி நடந்து, மூன்றாம் கூடம் தெரிகிற இடத்தில் நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது. பனி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால் உருவங்கள் மங்கலாக அசைந்தன. யாரோ ஒரு ஒல்லி உருவம் அவளைப் பார்த்துவிட்டது. கையால் கண்ணாடியைத் துடைத்தது. ஒரு தட்டைத் தூக்கிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தது.

இலைகள் நிமிர்ந்திருந்தன. அது மட்டுமில்லை. ஒவ்வொரு இலையின் ஓரத்திலும், பல் பல்லாக இருக்கும் விளிம்பில், ஊசி முனையளவு நீர்த்துளிகள் கோத்து நின்றன. அது பனி இல்லை. பனி இலை முழுக்கப் படரும். இது வேர் இரவெல்லாம் குடித்து, இழுக்க வெயில் இல்லாத நேரத்தில் கீழிருந்து நெட்டித் தள்ளி, இலை விளிம்பின் துளைகள் வழியே வழிய விட்ட தண்ணீர். வயிறு நிறைந்த செடிக்குத்தான் அது வரும்.

குண்டூசி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வாயசைத்தாள். சத்தம் வரவில்லை. விரலை விரித்து விரித்துக் காட்டினாள். இருபத்தொன்பது மேசை. பிறகு கையைக் கவிழ்த்தாள். பதினொன்று போய்விட்டது.

இரண்டாயிரத்து இருநூறு. ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவில் போனவை. நாக்கக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு முதலாளியம்மா கதவண்டை வந்தார். இரவு தூங்கின முகமாக இல்லை.

"தட்டு கழுவுற இடத்துல ஆள் குறையுது. இனிமே கலவை அறைப் பக்கம் தலைவைச்சுப் படுக்கக்கூடாது. நாக்கு திரும்பி வந்தாலும்."

"சரிங்கம்மா."

"குண்டூசிகிட்ட நானே பேசிட்டேன். நீ தனியா பேசிக்கோ."

கழுவுமிடத்தில் அன்றைக்கு வந்த முதல் வேலை மூன்றாம் கூடத்திலிருந்துதான் வந்தது. பதினொரு மேசை, மேசைக்கு நாலு தட்டு. ஒவ்வொரு தட்டையும் கவிழ்த்து, முதுகில் தட்டி, செத்த நாற்றைக் குப்பைத் தொட்டியில் உதிர்க்க வேண்டும். பிறகு குழி குழியாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். யாராவது உதவிக்கு வந்தால் ஒரு மணி நேர வேலை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. முதல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்க்காமல், ஒவ்வொரு நாற்றாகக் கையால் எடுத்தாள். துவண்டு, கயிறு போல விரலில் சுற்றிக்கொண்டது. எடுக்க எடுக்க எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வாழ்நாளில் முதல் தடவையாக எண்ணினாள். பொழுது சாய்ந்தபோது ஆயிரத்து நூறில் இருந்தாள்.